வாங்கத் தகாதவை

வெள்ளூரணியில் திங்கட்கிழமை பதினோரு மணிப் பேருந்திலிருந்து, அந்த வாரம் யாரும் வாங்காமல் விட்ட காமிக்ஸ் கதாநாயகர்கள் இறங்குவது வழக்கமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. முதன்முதலாகக் காட்டுராஜா காம்பா, இடுப்பில் புலித்தோலும் கையில் ஈட்டியுமாக, உச்சி முதல் உள்ளங்கால் வரை கறுப்பு வெள்ளையில், ஓரங்களில் மட்டும் மட்டக் காகிதத்தின் பழுப்பேறி இறங்கி நின்றபோதுகூட யாரும் வாயைப் பிளக்கவில்லை. கண்டக்டர் டிக்கெட் கேட்டார், டீக்கடைக்காரர் சீனி தூக்கலா குறைச்சலா என்று கேட்டார், பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற வனக்காவலர் தலையை நிமிர்த்தி, அந்தப் புலித்தோலுக்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு மறுபடி பேப்பரில் மூழ்கிப்போனார். அதிசயப்படுவதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும் என்பது ஆவண எழுத்தர் சிவசைலத்தின் கருத்து.

அப்படிச் சொல்லும் தகுதி தனக்கு உண்டென்று அவரே தீர்மானித்திருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, முப்பது வருஷமாக ஊராருடைய கிரயப் பத்திரமும் தானப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் எழுதிக் குவித்ததில், வெள்ளூரணியில் யாருக்கு எத்தனை சென்ட் நிலம், யாருக்கு எத்தனை சென்ட் புத்தி என்பது தனக்கு அத்துப்படி என்று நம்பினார். நிலம் இருந்தவர்களுக்குப் புத்தி இல்லை, புத்தி இருந்த ஒரே ஆளுக்கு நிலம் இல்லை, அந்த ஒரே ஆள் அவர்தான். பத்து வயதில் காமிக்ஸ் படிக்க ஆரம்பித்தவர், ஐம்பத்து நாலு வயதிலும் நிறுத்தவில்லை. நிறுத்தாதது மட்டுமல்ல, தன்னைத் தவிர வேறு யாருக்கும் காமிக்ஸ் படிக்கத் தெரியாது என்ற முடிவுக்கும் வந்திருந்தார்.

பேருந்து நிலையத்தை ஒட்டிய ஜெபமணி புத்தக நிலையத்துக்கு வியாழன் மதியம் பார்சல் வரும். அதில் அந்த வாரத்துக்கான நாலு புது காமிக்ஸ்கள் கட்டுக் கட்டாக இருக்கும். கட்டுகளைச் சனிக்கிழமைதான் பிரிப்பார்கள். ஆனால் கட்டுகளுக்கு மேலே, அட்டை போடாமல் அவசரத்துக்கு நூல் கோத்த முன்பிரதி ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கும், அது சிவசைலத்துக்கு. அவர் அவற்றை அன்று சாயங்காலத்துக்குள் படித்து, தன் கைப்பட ஒரு பட்டியல் எழுதி, ஜெபமணி கடைக் கதவில் பசை தடவி ஒட்டுவார். முப்பது வருஷம் பத்திரம் எழுதிய கைக்கு வேறு நடை வருமா? 'வெள்ளூரணி டவுன் மேலத்தெருவில் வசிக்கும் சிவசைலம் ஆகிய நான், நல்ல நினைவுடனும் பூரண சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் எழுதி வைத்த பட்டியல் என்னவென்றால்' என்று ஆரம்பித்து, இடப்பக்கம் 'வாங்க உத்தேசித்தவை' என்றும் வலப்பக்கம் 'வாங்கத் தகாதவை' என்றும் இரண்டு பத்தி பிரித்து, தகாதவை ஒவ்வொன்றின் கீழும் காரணத்தை ஒரே வரியில் எழுதுவார். அந்த ஒரு வரியில் படம் போட்டவன், மொழிபெயர்த்தவன், அச்சடித்தவன், இதைப் படிக்க நினைத்தவன் நாலு பேருக்கும் சேர்த்து அடி விழும்.

ஜெபமணி கடையின் அறுபது வாசகர்களும், அதாவது ஒரு பல் டாக்டர், இரண்டு கணக்கு வாத்தியார்கள், கூட்டுறவு வங்கிக் காசாளர் மற்றும் பலர், கதவில் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டுத்தான் சனிக்கிழமை கடைக்குள் நுழைவார்கள். சொந்தமாக ஒரு புத்தகத்தைப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் தைரியம் அறுபது பேரில் ஒருவருக்கும் இல்லை. பட்டியலைப் போனில் படம் பிடித்து வெளியூருக்கும் அனுப்புவார்கள். அதைப் பார்த்து நாற்பத்திரண்டு ஊரில் வாங்குவார்கள், வாங்காமலும் இருப்பார்கள். வலப்பக்கத்தில் ஏறிய புத்தகம் எந்த ஊரிலும் ஒரு பிரதிகூடப் போகாது. போகாத புத்தகத்தின் அட்டையை மட்டும் கிழித்துப் பதிப்பகத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், உள்பக்கங்களை எடைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்பது தொழில் முறை. ஜெபமணி திங்கட்கிழமை காலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சரக் சரக்கென்று அட்டையைக் கிழிப்பார். கடைசி அட்டை கிழிபட்ட நேரத்துக்குப் பதினோரு மணி வண்டி வந்து நிற்கும், அந்தக் கதையின் நாயகன் இறங்குவான். வண்ணம் அட்டையில் மட்டும்தான் உண்டு, அட்டை திரும்பிப் போய்விட்டது, எனவே வருகிறவன் கறுப்பு வெள்ளையில்தான் வருவான். இதிலே விளங்காததற்கு என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டது.

இறங்கியவர்கள் வேறெங்கும் போகாமல், வழி கேட்காமல், நேரே மேலத்தெருவுக்கு வந்து சிவசைலம் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "எந்தப் பக்கம் சரியில்லை, ஐயா?"

சிவசைலம் பக்க எண்ணைச் சொல்வார். "பதினேழு. முதலை மேல நீ நிக்கிற படத்துல உனக்கு ஆறு விரலு," என்று காம்பாவிடம் சொன்னார். "முப்பத்திரண்டு. ஒரு குண்டு சுட்டா மூணு பேரு சாகுதாங்க," என்று ஷெரீஃப் கில்மோரிடம் சொன்னார். அவர்கள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, நன்றி சொல்லி, ஊருக்குள் வேலை தேடிப் போவார்கள். இந்தக் காட்சியைச் சிவசைலத்தின் மனைவி செண்பகவல்லி சமையலறை ஜன்னல் வழியே பார்த்து, "வேலைவெட்டி இல்லாதவக வீட்டுக்கு வேலைவெட்டி இல்லாதவக வாராக," என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறப் போவாள்.

வேலை கொடுப்பதில் வெள்ளூரணி தாராளம், கூலி கொடுப்பதில் இல்லை. வயிறு இல்லாத ஆளுக்கு, வெறும் தாளுக்கு, எதற்கு முழுக்கூலி என்று முதல் வாரமே ஊர்க்கூட்டம் போட்டுப் பேசி முடித்துவிட்டார்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ள ஆளுக்கு ஒரு சட்டி மைதாப் பசை, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் கோட்டு, அவ்வளவுதான். மழையில் நனைந்தால் மை கரைந்து ஓடும் என்பதால் கோட்டு கொடுத்தார்களே தவிர இரக்கத்தால் அல்ல, வாசலில் கறை பிடிக்கிறது என்று பெண்கள் சண்டைக்கு வந்ததால். காம்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். ஷெரீஃப் கில்மோர் ரேஷன் கடை வரிசையை ஒழுங்குபடுத்தினார், மண்ணெண்ணெய் நாளில் அவரே இரண்டு முறை மிதிபட்டார். ஆகாயத்தில் பறக்கும் ககனசுந்தரி தென்னந்தோப்பில் தேங்காய் பறித்தாள், கீழே நின்றவர்கள் மேலே பார்க்கிறார்கள் என்று பிறகு அவளைப் பாவாடைக்குப் பதில் பேண்ட் போடச் சொன்னார்கள். துப்பறியும் பெர்னாட் கல்யாணத் தரகர்களிடம் சேர்ந்து, மாப்பிள்ளை குடிப்பானா என்று துப்பறிந்தார். எல்லோரும் குடித்ததால் அவருடைய திறமைக்கு அங்கே வேலையில்லாமல் போனது. உலகத்தை அழிக்கக் கதிர்த் துப்பாக்கி கண்டுபிடித்த டாக்டர் க்ரோனஸ் தன் கதையின் நாயகனோடு சேர்ந்தே வந்து இறங்கி, வெல்டிங் பட்டறையில் ஜன்னல் கம்பி ஒட்டினார், ஊரிலேயே மரியாதை தெரிந்த ஆள் அவர்தான் என்று பெயரும் வாங்கினார்.

அவர்கள் எதையாவது ஓங்கி அடித்தால், தரையில் 'டமால்' என்ற எழுத்துகள் கனமாக விழும். முதலில் துப்புரவுப் பணியாளர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு அங்கன்வாடி டீச்சர் ஒரு சாக்கோடு வந்து அந்த எழுத்துகளைப் பொறுக்கிக்கொண்டு போய்க் குழந்தைகளுக்கு எழுத்து கற்பித்தார். அதனால் அந்த மூன்று வருஷத்தில் வெள்ளூரணிக் குழந்தைகளுக்கு 'அம்மா' எழுதத் தெரியாது, 'டுமீல்' எழுதத் தெரியும்.

உலகத்தை நூறு முறை காப்பாற்றியவர்களைக் கொண்டுவந்து கொடுத்தால் அவர்களை வைத்து மூட்டை தூக்குகிறார்களே என்று சிவசைலத்துக்கு ஊர்மேல் இளக்காரம். ஆறு விரலோடு வந்த பயல்களுக்கு மூட்டையே அதிகம் என்று அவர்கள்மேலும் இளக்காரம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, காலம் போகப்போக அந்த அறுபது வாசகர்களும் பட்டியலின் இடப்பக்கத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு வலப்பக்கத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள். எதை வாங்கலாம் என்பதல்ல, யார் வேலைக்கு வருகிறார் என்பதே பேச்சாக இருந்தது. வியாழக்கிழமைகளில் தகரக் கொட்டகைக்கு ஆட்கள் வந்தார்கள். பால்பண்ணைக்காரர் வந்து, "அந்த நாலு கை உள்ளவனை வலப்பக்கம் அடிச்சு விடுங்க அண்ணாச்சி, ஒரே நேரத்துல ரெண்டு மாடு கறப்பான்," என்றார். நீச்சல் தெரிந்தவனைக் கேட்டுக் கிணறு தூர் வாருகிறவர் வந்தார்.

"என் பட்டியலு உங்க மாட்டுக்கும் கெணத்துக்கும் இல்ல," என்று அவர்களை விரட்டினார் சிவசைலம். விரட்டியது உண்மை. விரட்டிய பிறகு, இத்தனை பேர் தன் பேனா முனையைப் பார்த்துக் காத்திருக்கிறார்களே என்று உள்ளுக்குள் குளிர்ந்ததும் உண்மை.

ஆவணி மாசத்தில் ஒரு வியாழக்கிழமை கல்யாண மண்டப முதலாளி குற்றாலலிங்கம் வந்தார். கழுத்துச் சங்கிலி சட்டைக்கு வெளியே தெரிய, கொட்டகையில் கேட்காமலே உட்கார்ந்து, "இந்த வாரம் கப்பக்காரரு கதை வருதாமே? தொப்பி, பொத்தான், தோள்ல குஞ்சம் எல்லாம் வச்சிருப்பாரே, அவரு. அவரை அடிச்சு விட்டீங்கன்னா மண்டப வாசல்ல நிறுத்திருவேன். வாரவகளுக்கு ஒரு சல்யூட்டு. ஜில்லாவுல ஒரு மண்டபத்துல கெடையாது," என்றார்.

சிவசைலம் பேனாவை ஓங்கி வைத்ததில், எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தில் மை தெறித்தது. குற்றாலலிங்கம் 'கப்பக்காரர்' என்று சொன்னது கேப்டன் அல்வாரோவை. பத்து வயதில் சிவசைலம் படித்த முதல் காமிக்ஸ் கேப்டன் அல்வாரோ. இந்த உலகத்தில் அவர் இளக்காரமாகப் பார்க்காத ஒரே ஜீவன் கேப்டன் அல்வாரோ. கேப்டனிடம் முள் உடைந்த ஒரு திசைகாட்டி உண்டு. அது எந்தத் திசையையும் காட்டாது, ஆனாலும் அதைப் பார்த்துத்தான் அவர் கப்பலைத் திருப்புவார். அதை அவருக்குக் கொடுத்தது யார் என்று முதல் கதையிலேயே ஒரு மாலுமி கேட்பான், கேப்டன் சிரித்து, "உரிய நேரத்தில் சொல்வேன்," என்பார். நாற்பத்து நாலு வருஷம், நூற்றுப் பதினோரு கதை, அவர் சொல்லவில்லை. திருமணத்தன்று மணமேடையில்கூடச் சிவசைலத்துக்கு அந்த யோசனைதான் ஓடியது. இந்த வாரம் வருவது 'கேப்டன் அல்வாரோவின் இறுதிப் பயணம்'. இதில் சொல்லிவிடுவார் என்று பதிப்பகம் விளம்பரம் செய்திருந்தது.

"எந்திரிவே," என்றார் சிவசைலம். "ஏழு கடல் சுத்துன மனுசன் உம்ம மண்டப வாசல்ல நிப்பாரா? என் கை இருக்கிற மட்டும் அவரு பேரு வலப்பக்கம் ஏறாது. இதை எழுதி வச்சுக்கிடும்."

குற்றாலலிங்கம் எழுந்து சங்கிலியைச் சரிசெய்துகொண்டு, "அப்ப கதை எப்படி இருந்தாலும் இடப்பக்கந்தான்னு சொல்லுதீரு. நல்லது," என்று சிரித்துவிட்டுப் போனார். போகிற வழியில் டீக்கடையிலும் அதையே சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதுதான் பேச்சு.

மதியம் முன்பிரதியை வாங்கப் போனபோது ஜெபமணி, "அண்ணாச்சி, அச்சாபீஸ்ல கரண்டு இல்லன்னு அவசரமா கோத்து அனுப்பிருக்கான். பதினாறு பதினாறு பக்கமா பாரம் எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கிடுங்க," என்றார்.

"எனக்கே புத்தகம் பாக்கச் சொல்லித் தாறியாவே?" என்றார் சிவசைலம்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தார். முதல் பக்கம் அருமை, பத்தாம் பக்கம் அதைவிட அருமை, முப்பதாம் பக்கத்தில் அவருக்குக் கண் கலங்கியது. நாற்பத்தெட்டாம் பக்கத்தில், எரியும் கோட்டைக்குள், கொடுங்கோல் ஆளுநரின் காலடியில் கேப்டன் அல்வாரோ முழந்தாளிட்டு, திசைகாட்டியைக் கழற்றித் தரையில் வைத்தார். சிவசைலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். அடுத்த பக்கம் இல்லை. நூல் முடிச்சுதான் இருந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியதாக நினைத்துக்கொண்டார். இவ்வளவுதான் கதை, முட்டி போட்டதோடு முடித்துவிட்டான், திசைகாட்டி தந்தது யார் என்று சொல்லாமலே முடித்துவிட்டான், 'முற்றும்' என்று ஒரு வார்த்தை போடக்கூட அந்தப் பதிப்பகத்தானுக்குத் துப்பில்லை. பதினாறு பக்கமுள்ள ஒரு பாரம் கோக்காமல் விட்டுப்போயிருக்கலாம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். சிவசைலத்துக்குத் தோன்றவில்லை, உலகத்தில் எது குறைந்தாலும் அது அடுத்தவனுடைய புத்திக் குறைவு என்றே முப்பது வருஷம் பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தோன்றாது. தன் கதையைத் தானே இழிவுபடுத்திக்கொண்ட ஒருவனுக்காக நாற்பத்து நாலு வருஷம் காத்திருந்தோமே என்று அவருக்கு அழுகை வந்தது, அழுகை வந்ததே என்று ஆத்திரம் வந்தது.

செண்பகவல்லி காப்பி கொண்டுவந்து வைத்து, அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னவாம், நல்லால்லையா? உங்க ஆளுதானே, இடப்பக்கம் போட்டுருங்க. ஊரே அப்படித்தான் சொல்லுது."

"என்ன சொல்லுது ஊரு?"

"சிவசைலம் பட்டியலும் மத்தவன் பட்டியலு மாதிரிதான், வேண்டியவன்னா வளைஞ்சு குடுக்கும்னு சொல்லுது." அவள் டம்ளரை நகர்த்தினாள். "இல்லன்னா பட்டியல்ல போடாதீங்க, சத்தமில்லாம ஒரு புத்தகம் வாங்கி உள்ள வச்சுக்கிடுங்க. ஒண்ணு வித்தாலே அந்த மனுசன் வர வேண்டியதில்லைன்னுதானே சொல்லுவீங்க. பாவம், அவரு எங்கேயாவது கடல்ல கெடந்துட்டுப் போறாரு."

அதுதான் நல்ல யோசனை. வெள்ளூரணியில் மூன்று வருஷத்தில் யாராவது சொன்ன ஒரே நல்ல யோசனை. ஆனால் சிவசைலம், "கெட்ட புத்தகத்துக்கு என் வீட்டுல எடம் கெடையாது," என்றார். பேனாவை எடுத்து, நல்ல நினைவுடனும் பூரண சம்மதத்துடனும் பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும் என்று எழுதி, வலப்பக்கத்தில் முதல் வரியாகக் கேப்டன் அல்வாரோவின் பெயரை ஏற்றினார். காரணம்: 'முழந்தாளிட்டவன் எழுந்திருக்கவில்லை.'

சனிக்கிழமை நாற்பத்திரண்டு ஊரில் ஒரு பிரதிகூடப் போகவில்லை. பல் டாக்டர் கட்டின் மேலிருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தாராம், அட்டையில் கேப்டன் அவ்வளவு கம்பீரமாக இருந்தாராம், கணக்கு வாத்தியார் கனைத்ததும் கீழே வைத்துவிட்டாராம். திங்கட்கிழமை ஜெபமணி ஸ்டூலைப் போட்டார். அட்டைகள் கிழிந்தன.

பதினோரு மணி வண்டியிலிருந்து கேப்டன் அல்வாரோ இறங்கினார். நீலக் கோட்டு கறுப்பாகவும் பொன் பொத்தான் வெள்ளையாகவும் இருந்தாலும் நடையில் கப்பலின் ஆட்டம் இருந்தது. டீக்கடைக்காரர் சீனி தூக்கலா குறைச்சலா என்று கேட்டார். குற்றாலலிங்கம் ஒரு ரோஜா மாலையோடு ஆட்டோவில் உட்கார்ந்து காத்திருந்தார். கேப்டன் இருவரையும் கடந்து மேலத்தெருவுக்கு வந்து இரும்புக் கேட்டுக்கு வெளியே நின்றார்.

"எந்தப் பக்கம் சரியில்லை, ஐயா?"

சிவசைலம் ராத்திரியெல்லாம் யோசித்துப் பெரிய பெரிய பதில்களை வைத்திருந்தார். கடைசியில், "நாப்பத்தெட்டு," என்றார். "முட்டி போட்டீரே. அதோட முடிஞ்சு போச்சே. நாப்பத்து நாலு வருசம்வே!"

"நாற்பத்தெட்டு," என்று கேப்டன் அல்வாரோ திருப்பிச் சொன்னார். கயிறு முடியத் தெரியாத புது மாலுமியைப் பார்க்கிற பார்வையாக ஒரு பார்வை பார்த்தார். மற்றவர்களைப் போலத் தலை குனியவில்லை, நன்றி சொல்லவில்லை. திரும்பி நடந்து குற்றாலலிங்கத்தின் ஆட்டோவில் ஏறினார்.

அதன் பிறகு முகூர்த்த நாள்தோறும் கேப்டன் அல்வாரோ மண்டப வாசலில் நின்று சல்யூட் வைத்தார். ஊரே போய்ப் பார்த்தது. கல்யாணம் யாருக்கென்று தெரியாதவர்களும் சல்யூட் வாங்க இரண்டு தடவை வெளியே வந்து உள்ளே போனார்கள். வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்களுக்குக் கை நிதானம் கிடையாது. ஒவ்வொரு கல்யாணத்திலும் சில துளிகள் கேப்டன்மேல் விழும், விழுந்த இடத்தில் மை ஊறும். ஆவணி முடிவதற்குள் இரண்டு பதக்கங்கள் போயின, புரட்டாசி இடைவெளிக்குப் பிறகு ஐப்பசியில் ஒரு காது போனது. சிவசைலம் அந்தத் தெரு வழியே போவதை நிறுத்திக்கொண்டார். வந்த கல்யாணப் பத்திரிகைகளுக்கெல்லாம் செண்பகவல்லியை அனுப்பினார்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் பேருந்து நிலையத்தில் அவர் வறுத்த கடலை வாங்கினார். தின்று முடித்துப் பொட்டலத்தைக் கசக்கப் போனவரின் கண் அதில் நின்றது. அது காமிக்ஸ் தாள். ஒரு ஓரத்தில் ஐம்பத்தேழு என்ற எண். அந்தப் பக்கத்தில் கேப்டன் அல்வாரோ முழந்தாளிட்டு இல்லை. கோட்டை மதில் மேல், கையில் திசைகாட்டியோடு, ஆளுநரின் வாளை மிதித்துக்கொண்டு நின்றார். தாளைத் திருப்பினார். ஐம்பத்தெட்டாம் பக்கத்தில் மாலுமி, முதல் கதையில் கேட்ட அதே மாலுமி, கிழவனாகிப்போய், அதே கேள்வியைக் கேட்டான். கடைசிக் கட்டத்தில் கேப்டன் கடலைப் பார்த்துக்கொண்டு, "உரிய நேரம் வந்துவிட்டது. இதை எனக்குத் தந்தவர்," என்று ஆரம்பித்தார். அத்தோடு தாள் முடிந்தது. எண்ணெய்க் கறைதான் மிச்சம்.

சிவசைலம் பேருந்து நிலையத்தின் நடுவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள்; அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்து கடலை வண்டிக்காரரைப் பிடித்து உலுக்கினார். எடைக்கு வாங்கிய தாளெல்லாம் முடிந்துவிட்டது, அதுதான் கடைசிப் பொட்டலம் என்றார் அவர். ஜெபமணியிடம் ஓடினார், ஒன்றும் இல்லை. நாற்பத்திரண்டு ஊருக்கும் போன் போட்டார். அட்டையைக் கிழித்து அனுப்பியாயிற்று, மிச்சம் முட்டைத் தட்டு செய்யப் போய்விட்டது என்றார்கள். பதிப்பகத்தைக் கூப்பிட்டார். "நீங்க வேண்டாம்னு எழுதுன புத்தகத்தை நாங்க எதுக்கு சார் வச்சுக்கிடப் போறோம்?" என்று கேட்டு வைத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் தன் தொழிலில் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தார். ஒரு பிழைத்திருத்தல் பத்திரம் எழுதினார். 'மேற்படி பட்டியலின் வலப்பக்கம் முதல் வரியில், முழந்தாளிட்டவன் எழுந்திருக்கவில்லை என்று என்னால் எழுதப்பட்டது பிழை. முழந்தாளிட்டவர் எழுந்திருக்கிறார். மேற்படி பிழை முழுவதும் என்னுடையது.' எழுதும்போது கை கூசியது. முப்பது வருஷத்தில் மற்றவர்களுடைய பிழைகளை ஆயிரம் முறை திருத்தி எழுதிய கை அது. கடைக் கதவில் ஒட்டினார். மறுநாள் அறுபது பேரும் வந்து படித்தார்கள். பல் டாக்டர் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்து, மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பால்பண்ணைக்காரர், "அதெல்லாம் இருக்கட்டும், அந்த நாலு கைக்காரன் எப்ப வாரான்?" என்று கேட்டார்.

அடுத்த முகூர்த்தத்தில் சிவசைலமே கல்யாணத்துக்குப் போனார். யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கவில்லை. சட்டைப் பையில் எண்ணெய்க் கறை படிந்த தாள் இருந்தது. மண்டப வாசலில் கூட்டம் நெருக்கியது, மேளம் காதைக் கிழித்தது. வாழைமரத்தடியில் கேப்டன் அல்வாரோ நின்றார். பொத்தான்கள் எல்லாம் அழிந்திருந்தன, ஒரு கன்னம் முழுக்க மை இறங்கி முகம் பாதியாகியிருந்தது, வாய் மட்டும் இன்னும் தெளிவாக இருந்தது. இன்னும் இரண்டு முகூர்த்தம் தாங்காது என்று சிவசைலத்துக்குப் பார்த்ததும் தெரிந்தது.

"கேப்டன்," என்று கூப்பிட்டார். அவர் குரல் பத்து வயசுப் பையனுடையதாகிவிட்டது. தாளை விரித்துக் காட்டினார். "நான் படிச்சதுல கடைசிப் பாரம் இல்ல. எம் மேலதான் தப்பு. கதவுல எழுதியும் ஒட்டிட்டேன். நான் இதுவரை யார்ட்டயும் கேட்டதில்ல, உங்ககிட்ட கேக்குதேன். சொல்லிருங்க. அதை உங்களுக்குக் குடுத்தது யாரு?"

கேப்டன் அல்வாரோ தாளைப் பார்த்தார். சிவசைலத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சிவசைலம் உடனே அடையாளம் கண்டுகொண்டார். முப்பது வருஷமாகத் தகரக் கொட்டகையிலிருந்து ஊரை அவர் பார்த்த பார்வை அது.

"வாங்கியிருந்தால் தெரிந்திருக்கும், ஐயா," என்றார் கேப்டன். குதிகாலைச் சேர்த்து, கையை உயர்த்தி, முன்னால் போனவருக்கும் பின்னால் வந்தவருக்கும் வைத்த அதே சல்யூட்டை அவருக்கும் வைத்தார். "முதல் பந்தி ஆரம்பித்துவிட்டது. உள்ளே செல்லுங்கள்."

பன்னீர்ச் செம்போடு நின்ற பெண் சிரித்துக்கொண்டே இருவர்மேலும் தெளித்தாள்.